பெருநாளன்று தொலைந்த கேட்வே

நான் அமைத்த முதல் நெட்வொர்க் உத்தமபாளையத்து பிரவுசிங் சென்டரில்தான். வெளியே போகும் வாசலான டீபால்ட் கேட்வே எதுவென்று ஒரு வரிக் கட்டளையில் சொன்னால்தான் அங்கிருந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் போகும் வழி தெரியும்; அதைத் தட்டிவைத்திருந்தேன்.

பெருநாளன்று ஒரு பெரியவர் சவுதியிலிருக்கும் மகனோடு பேச ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். "அத்தா" என்று குரல் கேட்டதும் கரண்டு போனது. கரண்டு திரும்பியது, கம்ப்யூட்டரும் எழுந்தது, இன்டர்நெட் வரவில்லை.

"தம்பி, கரண்டு வந்துருச்சு, மகனைக் காணோமே?" என்றார்.

கட்டளையாகத் தட்டிய வழி, மெஷின் அணைந்தால் மறந்துபோகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை மறுபடி தட்டினேன். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானே படிக்கும் ஃபைலிலும் எழுதிவைத்தேன்.

இன்டர்நெட் வந்தது; மகன் அந்தப் பக்கம் காத்திருந்தான்.

"ஏலே, அத்தா இங்கனதான் இருக்கேன். பிரியாணி தின்னியா?" என்று பெரியவர் கத்தியதில் சென்டரே சிரித்தது.