மார்கழிக் கலியாணம்

1988 நவம்பரில் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். அதே மாதம் இங்கே கனடாவில் பொதுத் தேர்தல். அடுத்த மாதம் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். மூன்றிலும் தங்கத்துரை அண்ணைக்கு வாக்கு இல்லை. ஆனால் மூன்றும் தன்னைக் கேட்டுத்தான் நடக்கப்போகின்றன என்கிற மாதிரி, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்களுடைய பதினேழாம் மாடி அப்பார்ட்மென்டில் அந்த மனுசன் அடித்த கூத்தை என்னவென்று சொல்வது!

நானும் அவரும் மட்டுந்தான் அங்கே இருந்தோம். நான் பருத்தித்துறைப் பக்கம், அவர் மட்டக்களப்பு. எனக்கு முப்பது வயது, அவருக்கு ஐம்பதுக்குக் கிட்ட. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளாக்காக இருந்தவர், இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டுப் போவார், மத்தியானம் திரும்புவார். நான் பிளாஸ்டிக் ஃபாக்டரியில் இரவு வேலை. அவர் வரும்போது நான் படுத்திருப்பேன். கட்டில் நுனியில் வந்து இருந்துகொண்டு, "வேலு, நித்திரையா? இந்த ஆனைச் சின்னக்காரன் சொன்னதப் பாத்தியா?" என்பார். எனக்கு விசர் வரும். "அண்ணை, ஆனை சொன்னாலென்ன பூனை சொன்னாலென்ன, என்னைப் படுக்க விடுங்கோ" என்று போர்வையை இழுத்து மூடுவேன். மனுசன் அசையமாட்டார்.

அவருடைய அரசியல் தேத்தண்ணிக்கடை அரசியல் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். எண்பத்து நாலில் அவருடைய பள்ளிக்கூட அதிபரைத் துரோகி என்று சொல்லி, இயக்கக்காரர் கந்தோர் வாசலில் வைத்துச் சுட்டார்கள். கையெழுத்து வைக்கக் கொண்டுபோன காகிதத்தோடு அண்ணை பக்கத்தில் நின்றிருக்கிறார். அது நடந்து மூன்று மாதத்தில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இவரையே ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு கிழமை. வெளியே வந்தபோது வலக்காது கேட்கவில்லை. அதனால்தான் ரெலிபோனை எப்போதும் இடக்காதில் வைப்பார். இரண்டு பக்கமும் வாங்கின மனுசன்.

தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் அவருக்கு மூன்று கேள்விகள் இருந்தன. துவக்கை யாருடைய கையில் கொடுப்பான்? யாரைச் சுடச் சொல்லுவான்? எப்போது நிற்பாட்டச் சொல்லுவான்? அமெரிக்காக்காரர் இரண்டு பேரும் ரிவியில் விவாதம் செய்தபோதுகூட, இங்கிலீசு பாதி விளங்கியும் விளங்காமலும், இந்த மூன்றையுந்தான் தேடிக்கொண்டிருந்தார். "முதல் ரெண்டுக்கும் எல்லாரும் மறுமொழி வெச்சிரிக்காங்க. மூண்டாவதுக்குத்தான் ஒருத்தன்கிட்டயும் இல்ல" என்பார்.

இலங்கைத் தேர்தலில் மூன்று பேர் நின்றார்கள். யானைச் சின்னக்காரர் இந்திய ஆமியைத் திருப்பி அனுப்புவேன் என்றார். கைச் சின்னத்து அம்மாவும் அதையேதான் சொன்னார். மூன்றாமவர் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர், ஆனால் வெல்லமாட்டார். எனக்கு எல்லாரும் ஒன்றுதான். வடக்குக் கிழக்கில் வோட்டுப் போடாதே என்று ஒரு பக்கம், தெற்கில் வோட்டுப் போட்டால் வெடி என்று இன்னொரு பக்கம். இதற்குள் என்ன தேர்தல் வேண்டிக்கிடக்கிறது என்று நான் கேட்டேன்.

"ஆமி காவல் நிக்க வோட்டெடுக்கிறது ஒரு தேர்தலோ அண்ணை?"

"காவல் இல்லாட்டி பெட்டியத் தூக்கிப் போயிருவாங்க. மறுகா உனக்கு ஆர் தலைவன்? துவக்கு வெச்சிரிக்கிறவன்தான். பெட்டிக்குக் காவலா ஆமி நிக்கட்டும் தம்பி. ஊருக்குள்ள வராமத்தான் மறிக்கோணும். அத மறிக்கிறவன் ஆரெண்டுதான் நான் தேடுறன்."

"கண்டுபிடிச்சால் எனக்கும் சொல்லுங்கோ."

"நீ படு, படு. உனக்கெல்லாம் நாடு ஒரு கேடு!"

அவருக்கு ஊரில் இருந்த ஒரே சொந்த இரத்தம் தம்பி சீனித்தம்பி. தாய் செத்தபோது சீனித்தம்பிக்கு நாலு வயது. அண்ணைதான் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு தீத்தி வளர்த்தவர். தான் கலியாணமே கட்டவில்லை. சீனித்தம்பி வாத்தியார் ஆனார், கோணேஸ்வரி என்கிற பிள்ளையைக் கட்டினார், இரண்டு பெண்குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் படம் எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது.

சீனித்தம்பி மாதத்தில் ஒருமுறை தபால் கந்தோரில் இருந்து ரெலிபோன் எடுப்பார். கந்தோரில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். லைனிலும் யாராவது இருப்பான். அதனால் அண்ணனும் தம்பியும் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். தேர்தல் என்றால் கலியாணம். வேட்பாளர் என்றால் மாப்பிள்ளை. யானைக்காரர் பெரிய இடத்து மாப்பிள்ளை. கைச் சின்னத்து அம்மா மாப்பிள்ளையின் தாய். ஆமி என்றால் மேளக்காரர். "பெரிய இடத்து மாப்பிள்ளைய நம்பேலுமா? மேளக்காரர் ராவெல்லாம் அடிக்காங்களா?" என்று அண்ணை ரெலிபோனில் கத்துவார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது. "பொம்பிளை ஆரண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன். "நாமதான்டா" என்றார்.

இதற்குள் உண்மையான கலியாணம் ஒன்றும் வந்து சேர்ந்தது. கோணேஸ்வரியின் ஒன்றுவிட்ட தங்கச்சிக்கு டிசம்பர் பதினாலாம் திகதி, கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் கலியாணம். அந்தப் பகுதியோடு சீனித்தம்பிக்கு வேலிச் சண்டை. முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அண்ணை இங்கேயிருந்து பொம்பிளைக்கு ஒரு சேலை அனுப்பியிருந்தார்.

டிசம்பர் பத்தாம் திகதி, சனிக்கிழமை, விடிய ஆறரை. நான் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, ரெலிபோன் அடித்தது. சீனித்தம்பி. அண்ணை வேலையில் என்றேன். லைன் இரைந்தது.

"வேலு அண்ணன், அண்ணனுக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க. மார்கழி பிறந்து நாலாம் நாள் கலியாணத்துக்கு என்னையும் வரச்சொல்லிக் கடிதம் வந்திரிக்கு. போகட்டா, விடட்டா? போகாம விட்டாலும் கரைச்சல். போனாலும் கரைச்சல். அண்ணன் என்ன சொல்றாரோ அதத்தான் செய்வன். தந்தி அடிக்கச் சொல்லுங்க."

"ஓம், ஓம், சொல்லுறன்" என்றேன். லைன் அறுந்தது. நான் படுத்துவிட்டேன்.

மத்தியானம் அண்ணை வந்து என்னை எழுப்பியபோது அரைக் கண்ணோடு சொன்னேன்: "உங்கடை தம்பி எடுத்தவர். கலியாணத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததாம். போகட்டோ விடட்டோ எண்டு கேக்கிறார். உங்கடை சொல்லுத்தானாம் முடிவு. தந்தி அடிக்கட்டாம்."

மார்கழி என்ற சொல்லை நான் சொல்லவில்லை. ஒளித்துவைக்கவும் இல்லை. பன்னிரண்டு மணித்தியாலம் மெசின் முன்னால் நின்ற மண்டைக்குள் அது நிற்கவில்லை, அவ்வளவுதான். மார்கழியில் எங்கள் சனத்தில் எவனாவது கலியாணம் வைப்பானா? சின்னப் பிள்ளைக்குத் தெரியும். சீனித்தம்பி அதை யோசித்துத்தான் அந்த ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார். அதைக் கேட்டால் அண்ணன் ஒரு நொடியில் பிடித்துவிடுவார் என்று நம்பியிருக்கிறார். பாவி நான், அந்தச் சொல்லைத் தின்றுவிட்டேன்.

அண்ணைக்குச் சந்தோசம். "பாத்தியா, அவங்களாக் கடிதம் குடுத்திரிக்காங்க. இவன் இன்னும் வேலியப் பிடிச்சுக்கொண்டு நிக்கான். போகாம விட்டா அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மனவருத்தம்!" என்று சொல்லிக்கொண்டே கோட்டை மாட்டினார். பனி கொட்டியது. நான் திரும்பிப் படுத்தேன். அவர் ஸ்ரீட்கார் பிடித்துப் போய்த் தந்தி அடித்துவிட்டு வந்தார். இங்கிலீசில் ஆறேழு சொல். கலியாணத்துக்கு அவசியம் போ, மறுக்காதே, அண்ணன்.

சீனித்தம்பிக்கு வந்த கடிதம் கலியாண வீட்டுக் கடிதம் இல்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக அவரை அரசாங்கம் போட்டிருந்தது. போகாவிட்டால் வேலைக்கு ஆபத்து. போனால் உயிருக்கு ஆபத்து என்று சந்தி மதிலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

தேர்தல் டிசம்பர் பத்தொன்பதாம் திகதி, மார்கழி பிறந்து நாலாம் நாள், முடிந்தது. யானைக்காரர் வென்றார். புதன்கிழமை விடிய ரெலிபோன் அடித்தது. அண்ணைக்கு அன்றைக்கு லீவு, அவரே எடுத்தார். கோணேஸ்வரி. அந்தப் பிள்ளையின் அழுகை எனக்குக் கட்டிலில் கேட்டது. நான் எழும்பி வந்தேன்.

வாக்குப் பெட்டியோடு திரும்பி வரும்போது, அவர்கள் வந்த வானுக்கு முன்னால் போன ஆமி ட்ரக்குக்குக் கண்ணிவெடி. மிஞ்சின ஆமிக்காரர் நாலு பக்கமும் சுட்டிருக்கிறார்கள். வானில் இருந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். சீனித்தம்பியும் ஓடினார். வெள்ளைச் சட்டையோடு வரம்பில் கிடந்தாராம். வானொலியில் நாலு பயங்கரவாதிகள் பலி என்று சொன்னார்களாம். அந்த நாலில் ஒன்று அவர்.

இடக்காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு அண்ணை நின்றார். பிறகு அந்தப் பிள்ளை ஏதோ கேட்டது. அண்ணை சொன்னது மட்டுந்தான் எனக்குக் கேட்டது.

"எந்தக் கலியாணம், புள்ள?"

அங்கே ஏதோ சொன்னாள்.

"அது உன்ர தங்கச்சிட கலியாணம் எண்டு நினைச்சித்தானே..."

வாய் திறந்தபடி இருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. மார்கழி பிறந்து நாலாம் நாள் என்பது நெஞ்சுக்குள் வந்து இடித்தது. குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மனுசன் அழுதார், வேலைக்குப் போனார், வந்தார், அழுதார். என் கட்டில் நுனியில் வந்து இருப்பது நின்றுபோனது. நான் எத்தனை நாள் "நித்திரையா" என்ற அந்தக் குரலுக்காகக் கண்ணை மூடிக் கிடந்தேன்! ஜனவரியில், மூன்று கிழமை பிந்திவரும் கொழும்புப் பேப்பர் பார்லிமென்ட் ஸ்ரீட் கடைக்கு வந்தது. தேர்தலுக்கு முந்தின பேப்பர். அண்ணை வாங்கி வந்து மேசையில் விரித்தார். பயங்கரவாதத்தை அடியோடு ஒழிப்பேன் என்று ஒருவர், அமைதியை மீட்பேன் என்று இன்னொருவர், கைதூக்கிக்கொண்டு படத்தில் நின்றார்கள். அண்ணை ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்து முடித்து, மடித்து, குப்பை வாளிக்குள் வைத்தார். தேர்தல் கதை அத்தோடு அவருக்கு முடிந்தது.

நான் சொல்லவில்லை. நாலு மாதம் சொல்லவில்லை. கோழை என்று என்னை யாரும் பேசலாம், நான் மறுக்கமாட்டேன். வெக்ஸ்போர்ட் பக்கம் எனக்கு வாடகைக்கு ஒரு பேஸ்மென்ட் அறை கிடைத்தது. அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போகப் பார்த்தேன் என்பதே உண்மை. சாமான் கட்டின அன்று, ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் எனக்குக் கோழிக்கறி வைத்துச் சோறு போட்டார். ஒரு வாய் வைத்தேன். கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

"அண்ணை, உங்கடை தம்பி அண்டைக்கு மார்கழி பிறந்து நாலாம் நாள் எண்டு சொன்னவர். நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை. மறந்துபோனன். நான்தான் அவரைக் கொன்றுபோட்டன் அண்ணை."

கரண்டியோடு அப்படியே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லது. கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தார்.

"அவன் தெளிவாத்தான் கேட்டிரிக்கான், என்ன?"

"ஓமண்ணை."

"நீ மார்கழி எண்டு சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பன் எண்டு நினைக்கிறாய்?"

நான் மேசையில் சிந்தின சோற்றைப் பொறுக்கினேன்.

"அப்பவும் போ எண்டுதான் தந்தி அடிச்சிருப்பன் தம்பி. பெட்டிக்கு ஆக்கள் வேணும், படிச்சவன் பயந்து நிண்டா நாடு எப்பிடி உருப்படும் எண்டு நினைச்சிருப்பன். மேளக்காரர் காவல் நிப்பாங்க, பயப்படாத எண்டும் சேத்து அடிச்சிருப்பன். என்னை எனக்குத் தெரியும்."

"இல்லையண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ."

அவருடைய கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது. துடைக்கவில்லை.

"போகட்டா விடட்டா எண்டு கேக்கிறவனுக்குப் போக விருப்பமாடா? பயந்து போய்க் கேட்டிரிக்கான். போகாத எண்டு என்ர வாயால ஒரு சொல்லு கேக்கத்தான் நான் வளத்த பிள்ளை ரெலிபோன் எடுத்திரிக்கு."