உழக்குப் பயறு, உழக்கு உளுந்து

பாசிப்பயறு ஓர் உழக்கு, கறுப்பு உளுந்து ஓர் உழக்கு. இரண்டையும் சுளகில் கொட்டி, மாவு கரைப்பதுபோல அடியோடு கிளறிவிடுகிறார் அருளம்மாள். காலை ஐந்தரை மணி. பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டும் அளவில் ஒன்றுபோல் இருப்பதால் சல்லடையில் பிரியாது, விரலால்தான் பொறுக்க வேண்டும். பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். "மொதல்ல தொவரையும் உளுந்தும் போட்டுப் பாத்தேன்க்கா. பத்து மணிக்கே சலிச்சு முடிச்சுப்புட்டாக."

மானகிரியில் எங்களுக்கு அடுத்த வீடு. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கணவர் உபகாரசாமி லாரியில் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். பள்ளிக்கூடம் நடக்கும்வரை கவலையில்லை. ஏப்ரல் கடைசியில் லீவு விட்டதும், ஆன் மேரிக்குப் பத்து வயதுதான், ஆண்டனிக்கு ஏழு வயதுதான் என்பது அவருக்குத் திடுக்கென்று நினைவுக்கு வரும்.

போன வருடம் மே மாதம் ஆண்டனி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊருணிக்குப் போய், சேற்றில் இடுப்புவரை புதைந்துவிட்டான். ஆடு மேய்க்க வந்த சின்னக்கருப்பு தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அதனால் இந்த வருடம் லீவு விட்ட முதல் நாளே அருளம்மாள் பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து திறந்தால், பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருக்கிறான். "மறுநா பூட்டு கைக்கு வரலக்கா." பூட்டுக்குப் பதிலாகப் பயறு வந்தது.

"வீரணன் கடையில மூட்டை பிரிஞ்சு ரெண்டும் கலந்துபோச்சு. நாமதேன் பொறுக்கிக் குடுக்கணும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார். சாயங்காலம் இரண்டு பைகளையும் கடைக்கென்று எடுத்துப் போவார். தெருவைச் சுற்றிக் கொல்லைப்புறமாக அடுப்படிக்கே கொண்டுவந்து வைப்பார். விடிந்தால் அதே பயறு, அதே உளுந்து.

பெருமையில் ஆண்டனியைக் கையில் பிடிக்க முடியவில்லை. விளையாடக் கூப்பிடும் பையன்களிடம் ஜன்னல் வழியே, "வேல கெடக்குடா, கடைக்குச் சரக்கு போகணும்" என்பான். அருளம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கும்போதும் கண் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் பார்க்கிறார். தையல்காரரிடம் சிக்கு விழுந்த நூல்கண்டைக் கேட்டு வாங்கி வருகிறார். என் வீட்டு முற்றத்தில் காயும் புளியைப் பார்த்துவிட்டு, "கொட்ட எடுக்காத புளியாக்கா? இங்குட்டுத் தள்ளுங்க, ஒரு மத்தியானம் ஓடிரும்" என்கிறார்.

மே மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம். சீனி வாங்கப் போன ஆண்டனி, "மாமா, நாங்க பொறுக்குனதெல்லாம் வித்துருச்சா?" என்று வீரணனிடம் கேட்டிருக்கிறான். "எந்தச் சரக்குடா, மொதலாளி?" என்று அவர் சிரித்திருக்கிறார். பையன் சீனி வாங்காமலே ஓடிவந்தான். நான் அப்போது அருளம்மாள் வீட்டில்தான் இருந்தேன்.

"அவரு பயறே குடுக்கலயாம்! பொய் சொல்லிருக்கம்மா நீ!"

அருளம்மாள் வாய் திறப்பதற்குள், ஆன் மேரி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "எனக்கு மூணாம் நாளே தெரியும். என் கழுத்துப் பாசி அறுந்து, பச்ச மணி ஒண்ணு பயறுக்குள்ள விழுந்துருச்சு. கடைக்குப் போன மணி மறுநா சொளகுல கெடக்கு."

"அப்பறம் ஏன்டி இத்தன நாளும் பொறுக்குன?"

"இவன் ஊருணிக்குப் போயிருவான்ல. ஒனக்கு ஆஸ்பத்திரியில வேல ஓடாது."

ஆண்டனி அழுதான். அருளம்மாள் அழவில்லை. என்னை வழியனுப்புகிற சாக்கில் கொல்லைவரை வந்தவர், கொடியில் காய்ந்திருந்த துணியை எடுத்து, மடித்து, மறுபடியும் கொடியிலேயே போட்டார். "ரெண்டு புள்ளைய விட்டுட்டுப் போறேன்னுதேன் நெனச்சேன். ஒண்ணுதேன் புள்ளையா இருந்துருக்கு. லீவு அவளுக்கும் சேத்துத்தானக்கா விட்டாக?"

மறுநாள் அவர் எதையும் கலக்கவில்லை. ஏழு மணிக்குப் புளியை எடுத்துக்கொண்டு நான் போனபோது, செருப்பும் போட்டுக்கொண்டு, பூட்டைக் கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார். ஆண்டனி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். ஆன் மேரிதான் அடுப்படியிலிருந்து இரண்டு பைகளையும் கொண்டுவந்து சுளகில் கொட்டினாள், கிளறினாள். தம்பி பக்கம் கொஞ்சமும் தன் பக்கம் நிறையவும் தள்ளினாள். "யாரு மொத முடிக்கிறாகன்னு பாப்பமாடா?"

வெகுநேரம் கழித்து அவன் ஓர் உளுந்தை எடுத்தான்.

"நீ போம்மா, பஸ் வந்துரும்" என்றாள் ஆன் மேரி.

காரைக்குடி பஸ் வந்தது, ஆரன் அடித்தது, போய்விட்டது. பூட்டு மாடத்தில் கிடந்தது. அருளம்மாள் செருப்பைக் கழற்றாமலே இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆன் மேரியின் பங்கிலிருந்து ஒரு பிடி, பிறகு இன்னொரு பிடி என்று அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.