எட்டுக் காசுகளை அழித்தேன்

தேனியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் ஒரு வீடியோ கேம் செய்தேன். இரண்டாயிரத்து நான்கு வாக்கில் இருக்கும். நான் செய்தேன். நாங்கள் என்று சொல்ல மாட்டேன். புராஜெக்டுக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டதால், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் மகன் எனக்குக் கூட்டாளியாக வந்து வாய்த்தான். அவன் பங்குக்குச் செய்தது, லேபில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றது.

புதையல் எடுக்கும் விளையாட்டு அது. முண்டாசு கட்டிய குட்டி ஆள் ஓடுவான், தாவுவான், காசு சேர்ப்பான். அவன் எவ்வளவு உயரம் தாவலாம் என்று முடிவு செய்யவே எனக்குப் பத்து நாள் போனது. கொஞ்சம் கூடினால் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவான், சவாலே இருக்காது. கொஞ்சம் குறைந்தால் முள்ளில் விழுந்து விழுந்து சாவான், விளையாடுபவர் எரிச்சலில் எழுந்து போய்விடுவார். காசு வைப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. கண்ட இடத்தில் இறைக்கக் கூடாது. ஆள் எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கமாக வரிசையாக வைக்க வேண்டும், காசுதான் வழி காட்டும். இதையெல்லாம் செய்து, கெடுத்து, திரும்பச் செய்துதான் கண்டுகொண்டேன்.

நான்காவது கட்டம்தான் என் உயிர். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வயலுக்குப் பாயும் வாய்க்காலை அப்படியே அதில் வைத்தேன். ஐந்து மடை, மடைக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் ஒரு புதையல் குடம். மடையைத் திறந்தால் பள்ளம் நிரம்பிக் குடம் மிதந்து மேலே வரும். ஆனால் வயலில் நாங்கள் செய்வதைப் போலவே, ஒரு மடையைத் திறந்ததும் அதற்குக் கீழே வாய்க்காலில் மண் விழுந்து அடைத்துக்கொள்ளும். மேல் மடையை முதலில் திறந்தால் கீழே உள்ள நான்கு குடத்துக்கும் சொட்டுத் தண்ணீர் போகாது. கடைசி மடைக்கு ஓடிப்போய் அதைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றாக மேலே ஏறி வர வேண்டும். வயல்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தெரியாதவர்களுக்காக, நான்கு மடையையும் தாண்டிக் கடைசி மடைக்கு இட்டுப் போகும்படி எட்டுக் காசு வைத்திருந்தேன்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புராஜெக்ட் அறிக்கை பைண்டிங் ஆகி வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தேன். விளையாட்டை வடிவமைத்து நிரல் எழுதியது அவனாம். அறிக்கையைத் தட்டச்சு செய்தது நானாம். துறைத் தலைவரிடம் ஓடினேன்.

“தம்பிதானம்மா விளையாண்டு காட்டுச்சு. வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, பழகியிருக்கும். பொம்பளப் புள்ளைக்கு இந்த கேம் எல்லாம் எங்கன வரும்?” என்றார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்பாகச் சொன்னார், பாவி மனுஷன்.

அவனிடமே போய்க் கேட்டேன். “பேருதான, விடு. நீ என்ன கேம் செஞ்சா பொழைக்கப் போற? நாளைக்கே கட்டிக்கிட்டுப் போயிருவ” என்றான். இவன் முன்னால் அழுதால் நான் ஒரே அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை என்று அழுகையை அடக்கிக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம், விளையாட்டை லேப் கணினியில் ஏற்றி வைக்கச் சொன்னார்கள். ஏற்றத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. என் கூட்டாளித் துரை கேன்டீனில் இருந்தார். நான்காவது கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னென்னவோ யோசித்தேன். முள்ளைக் கூட்டலாமா, தரையை உடைக்கலாமா, மொத்தமாக அழித்தே போடலாமா? இவனுக்காக என் விளையாட்டை நான் ஏன் உடைக்க வேண்டும்? வழிகாட்டும் எட்டுக் காசை மட்டும் அழித்தேன். வேறு எதையும் தொடவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குச் சொந்த ஊர் சின்னமனூர். வீட்டில் நெல் விவசாயம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவன் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து மூன்று கட்டத்தையும் மடமடவென்று முடித்தான். நான்காவது வந்தது. குட்டி ஆள் நின்றான். காசு போன வழியே ஓடிப் பழகிய இவன் திரையில் காசைத் தேடினான். காணோம். முதல் மடையைத் திறந்தான், மண் விழுந்தது, ஆட்டம் போச்சு. அடுத்த முறை இரண்டாவதைத் திறந்தான். அதுவும் போச்சு. மூன்றாம் முறை மறுபடியும் முதல் மடையையே திறந்தான்.

தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “ஏன் தம்பி, தண்ணி எங்கன இருந்து பாய்ச்சணும்னு தெரியாமலா வாய்க்கா வெட்டுன?”

அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பு இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. கேட்பவர்கள் பாவம் என்கிறார்கள். என்ன பாவம், மண்ணாங்கட்டி!

“நீ விளையாடும்மா” என்றார் என்னிடம். நேராகக் கடைசி மடைக்கு ஓடினேன். ஐந்து குடமும் மிதந்து வந்தன. நிரலைத் திறந்து இருவரிடமும் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். “இதைச் செஞ்சது இந்தப் புள்ள சார். முதல் பக்கத்தை மாத்துங்க” என்று துறைத் தலைவரிடம் சொன்னார். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார்.

பிறகு தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். “எல்லாம் சரிம்மா. ஆனா வயக்காடு தெரியாதவுக விளையாண்டா என்ன செய்வாக? ஒரு அடையாளம் வச்சிருக்கணும்ல? பெரிய குறைம்மா இது.”

வைத்திருந்தேன் சார் என்று வாய் வரை வந்துவிட்டது. சொன்னால், பிறகு ஏன் எடுத்தாய் என்பார். “குறைதான் சார்” என்றேன். வடிவமைப்பில் ஐந்து மதிப்பெண் குறைத்தார். அந்த ஐந்தில் வகுப்பின் முதலிடம் போய்விட்டது. போகட்டும், மறுபடி அந்த மதியம் வந்தாலும் அந்தக் காசை அழிக்கத்தான் செய்வேன்.

வெளியே வராந்தாவில் அவன் வந்து வழிமறித்தான். “முந்தாநாள் விளையாண்டப்ப அங்கன எட்டுக் காசு இருந்துச்சே, எங்க போச்சு?”

“என்கிட்ட ஏன் கேக்குற? நான் டைப் அடிக்க வந்தவதான? கேம் செஞ்ச உனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.