உப்புக் கோடு

மகன் கழற்றிப் போட்ட சட்டையின் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்தது. எனக்கு அப்பாவின் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்தது.

அறுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் உலையில் வேலை. அம்மா பட்டாபிராம் பக்கம் ரைஸ் மில்லில் நெல் அவித்தாள். உலையின் காய்ந்த அனலில் அப்பாவின் வியர்வை உடனே உலர்ந்து சட்டையில் உப்பாகப் பூத்துவிடும். அதைப் பார்த்துத் தெருவே உச்சுக்கொட்டும். ஆவியில் நின்ற அம்மாவின் வியர்வை காயவே காயாது. ரவிக்கை ஒட்டிய இடமெல்லாம் தோல் வெந்து புண்ணாகியிருக்கும். அதை அவள் தெருவுக்குக் காட்ட முடியுமா?

ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது அவருக்கு விசிறிக்கொண்டே அம்மா, "எனுக்கும் கொஞ்சம் விசிறுய்யா" என்றாள்.

"உனுக்கு இன்னாடி, ஆவிலதான நிக்கிற. நான் நெருப்பாண்ட நிக்கிறேன்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்த உப்பையும் அவள்தான் துவைத்தாள். இத்தனை வருஷமாக அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சமையலறையிலிருந்து மருமகள் சாப்பாட்டைக் கொண்டுவந்தாள். நைட்டி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. டேபிள் ஃபேனை மகன் பக்கம் திருப்பி வைத்தது நான்தான்.