அஞ்சம்மாளின் மரக் குத்தகை

அஞ்சம்மாள் பிறந்ததிலிருந்து அடுத்தவர் நிலத்தில்தான் கால் வைத்தாள். மயிலத்துக்குப் பக்கத்தில் பிறந்து, திண்டிவனம் போகும் சாலையோர ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நாற்று நட்டதும் மல்லாட்டைக் கடலை பிடுங்கியதும் எல்லாம் யாரோ ஒருவர் மண்ணில். தனக்கென்று அவள் பேசி முடித்தது ஒன்றே ஒன்று: தாண்டவராயன் நிலத்தில் சாலையோரம் நின்ற புளியமரத்தின் ஒரு வருஷக் காய்ப்பு. யுத்த காலம். கொட்டை எடுத்த புளியைச் சந்தையில் விற்றுத்தான் அவளும் புருஷன் மண்ணாங்கட்டியும் வருஷம் பூராவும் கூழ் குடிக்க வேண்டும்.

வந்ததே வினை! பழம் பழுத்த மாசி மாசத்தில் தாண்டவராயன் ஏதோ வேலையாகத் திண்டிவனம் கோர்ட்டுப் பக்கம் போனார். வராந்தாவில் இரண்டு குமாஸ்தாக்கள் நிலச் சுவாதீனம் பற்றிப் பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து மனுஷரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"அஞ்சம்மா, உன் குத்தகை மரத்துக்குத்தான். மண்ணு என் சுவாதீனம். கீழ வுழுந்த பழம் என்னுது. மண்ணுல நீ கால் வச்சா கேஸ் போட்டுடுவேன்."

"கால் வைக்காம மரத்தாண்ட எப்படிங்க சாமி வர்றது?"

"அது உன் பாடு."

அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்கிற ஆளா அவள்? மரத்தின் ஒரு கிளை சாலைக்கு மேல் நீண்டிருந்தது. சாலை சர்க்காருடையது. மண்ணாங்கட்டி இரவல் மாட்டுவண்டியை அதன் அடியில் நிறுத்த, வண்டி மேல் நின்று கிளையைப் பிடித்து ஏறிவிட்டாள். இறங்கத்தான் வழியில்லை. அவள் இறங்கிய நேரம் பார்த்து அவர் நாலு கல்லை விட்டெறிந்தால் போதும், விழுந்த பழமெல்லாம் அவருடையது. ஆகவே கவட்டையில் சாக்கு விரித்து அங்கேயே குடித்தனம். கயிற்றில் கேப்பைக் கூழ் மேலே போகும், புளி மூட்டை சாலையில் இறங்கும். அவரும் விட்டாரா? அவள் இறங்கிப் பொறுக்கிவிடுவாளோ என்று அடிமரத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு குந்திவிட்டார்.

பழம் கீழே சிந்தாமல் அவள் ஒரு பழைய புடவையைக் கிளைக்குக் கிளை கட்டினாள். அவர் கட்டிலில் துள்ளி எழுந்தார்.

"அவுத்துடு அதை! மண்ணு என்னுதுன்னா ஆகாசம் வரைக்கும் என்னுது!"

"காக்காய்ங்க பறந்துக்கினு கீதே சாமி, அதுங்க மேல மொதல்ல கேஸ் போடுங்க!"

சந்தைக்குப் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி மரம் இன்னும் பறிக்காமல் இருந்தது.

ஒரு நாள் காலையில் தமுக்கடிக்கிறவனோடு கோர்ட்டு அமீனா வந்து சேர்ந்தார். தன்னை இறக்கத்தான் வந்துவிட்டார்கள் என்று அஞ்சம்மாள் கிளையைக் கட்டிக்கொண்டாள். அமீனா நேரே கட்டிலுக்குப் போனார்.

"தாண்டவராயன் நீர்தானே? நிலம் விழுப்புரத்து முதலாளியுடையது. உம்ம குத்தகை முடிஞ்சு எத்தனையோ காலமாச்சு. கோர்ட்டு உத்தரவு, இப்பவே காலி பண்ணணும். புளிமரத்துக் குத்தகைக்காரியும் அவ ஆளுங்களும் மட்டும் காய்ப்பு முடியறவரைக்கும் இருக்கலாம்."

அடப்பாவி மனுஷா! இவரும் குத்தகைக்காரர்தானாம். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சுவாதீனத்தை விட்டால் போச்சு என்று அந்தக் குமாஸ்தாக்கள் சொன்னது அவர் மண்டையில் அப்படியே இருந்ததோ என்னவோ, அமீனா கட்டிலைத் தூக்கச் சொன்னதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார் பாருங்கள், அந்த வயசில் அப்படியொரு வேகம்!

அமீனா அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, இவரும் உன் ஆளா?"

தாண்டவராயன் அவள் காலுக்குக் கீழ்க் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தார். கும்பிடலாம் என்றால் கையை எடுக்க முடியாது. எடுத்தால் விழுந்துவிடுவார். "அஞ்சம்மா" என்றார்.

இல்லீங்க என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. ஆனால் போ என்று ஒருவன் சொன்னதும் எங்கே போவது என்று விழிக்கிற முகம் அவளுக்குத் தெரிந்த முகம்தான். அவள் அப்பனுக்கு இருந்தது, மண்ணாங்கட்டிக்கும் இருக்கிறது. பாழாய்ப்போன மனசு, இரங்கிவிட்டது.

"நம்ம ஆளுதாங்க. புளி உலுக்கக் கூலிக்கு வந்திருக்காரு."

அமீனா நம்பாமல் அங்கேயே நின்றார். அஞ்சம்மாள் கீழே குனிந்தாள்.

"இன்னா சாமி, புடிச்சிக்கினே இருந்தா எப்படி? ஜல்தியா உலுக்குங்க."

தாண்டவராயன் உலுக்கினார்.