மிளகாயக்காவின் கழி

படகுத்துறையில் அவளுக்கு மிளகாயக்கா என்று பேர். வைத்தது அவளுடைய அண்ணன். படகு அவருடையது, ஓட்டுவது இவள். பதினெட்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் பறவை பார்க்க வருகிறவர்களை அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போகிறாள். வணக்கம் சொன்னாலும் எரிந்துதான் விழுவாள்: "போனை அமுக்கி வைங்க. வாயையும்."

அந்தச் சனிக்கிழமை ஐந்து பேர். முன்பலகையில் முழங்கை நீள லென்ஸோடு ஒருவர்.

காடு முடிந்து கடல் தெரியும் இடத்தில் ஒற்றை மரம். அதில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. அங்கே போகும் வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவுதான். மோட்டாரை இறக்கினாலும் ஆள் இறங்கினாலும் சேறு விழுங்கிவிடும். நீளக் கழியை ஊன்றித்தான் தள்ள வேண்டும். கழி அவளே வெட்டிச் சீவியது; துறையில் அந்த நீளத்துக்கு வேறொன்று கிடையாது.

மரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே கழியைச் சேற்றில் குத்திப் படகை நிறுத்தினாள். நாரைகள் அசையவில்லை.

"எல்லாம் சும்மா உக்காந்திருக்கே. கொஞ்சம் பறக்க விடுங்களேன்" என்றார் லென்ஸ்காரர்.

"பறக்க விட அதென்ன பட்டமா? அடை காக்குது சார். இந்த வெயில்ல எந்திரிச்சா முட்டை வெந்துடும்."

அவர் சிரித்தார். அவள் கழியைப் பிடுங்கக் குனிந்த நேரம் பார்த்து, இரண்டு கையையும் பலமாகத் தட்டினார்.

மரத்திலிருந்து வெள்ளை மொத்தமும் கழன்று மேலே போயிற்று. கேமரா படபடத்தது.

படகு அங்கே நிற்கிறவரை நாரைகள் இறங்காது. மிளகாயக்கா மூச்சு வாங்க வாய்க்கால் வளைவுவரை படகைப் பின்னால் தள்ளிப்போய், கழியை ஓங்கிச் சேற்றில் குத்தினாள். அங்கிருந்து மரம் ஒரு கைப்பிடி அளவுதான் தெரிந்தது.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றார் லென்ஸ்காரர்.

"எனக்கு இங்கேருந்து தெரியாது. உங்க குழாய்ல தெரியும். மரத்துல யாரு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் லென்ஸை உயர்த்தினார்.

"காக்கா."

"என்ன பண்ணுது?"

"முட்டையை… தூக்கிட்டுப் போகுது."

"சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

ஒவ்வொரு முட்டையையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். கடைசி நாரை கூட்டில் இறங்கிவிட்டது என்று அவர் சொன்ன பிறகுதான் கழியைப் பிடுங்கினாள். அதுவரை படகில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

துறையில் இறங்கியதும் லென்ஸ்காரர் நேரே அண்ணனிடம் போனார். அவரிடம் பேசிவிட்டு இவளிடம் வந்த அண்ணனின் முகம் இறுகியிருந்தது.

"நாளைக்கு இருபது பேரைக் கூட்டிட்டு வர்றாரு மனுஷன். போய் மன்னிப்புக் கேளு."

"எதுக்கு வர்றாங்களாம்?"

"பறக்கறதைப் படம் எடுக்க. கேக்கறியா, இல்ல மோட்டார் சாவியை வச்சிட்டுப் போறியா?"

பதினெட்டு வருடமாக இடுப்பில் தொங்கிய சாவி. எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு படகில் குனிந்து, சேறு சொட்டும் கழியை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், கழி எங்க போகுது?"

"வீட்டுக்கு. அது என்னுது."

"அது இல்லாம மரத்துக்கு எப்படிப் போவாங்க?"

"நீந்திப் போகச் சொல்லுண்ணே" என்றாள், திரும்பாமலே. "நீந்தறப்போ கை தட்ட முடியாது."