பதினோரு வீட்டுக்குப் பட்டா

கதவில் பெருக்கல் குறி போட்டால் அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று பத்து வயதில் நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு தெருவையே காப்பாற்றக் கிளம்பிவிட்டேன்.

முழுத் தப்பும் என்மேல் இல்லை. கொரட்டூரில் ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது எங்கள் தெரு. அதற்கு ஒரு மாதம் முன்புதான் கரையோரக் குடிசைகளில் யாரோ சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் மஞ்சள் இயந்திரம் வந்தது. சாயங்காலம் நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனபோது எல்லாம் தரைமட்டமாகியிருந்தது. என் வகுப்பில் படித்த ஒருவன் அதற்கப்புறம் பள்ளிக்கு வரவேயில்லை. எங்கள் தெருவுக்கும் பட்டா கிடையாது. அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. அம்மா தங்கையைக் கூட்டிக்கொண்டு வேப்பம்பட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள், ராத்திரிதான் வருவாள். அது முன்பே தெரியும். பூட்டுக்கு மேலே சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி இருந்ததுதான் எதிர்பாராதது.

அப்பா அம்மாவை நினைத்துக் கலங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் நினைத்தது கட்டிலுக்கடியில் டப்பாவில் இருந்த கோலிக் குண்டுகளை.

தெருவை நோட்டம் விட்டேன். சில கதவுகளில் பெருக்கல் குறி, மற்றதில் எல்லாம் ஆங்கில எழுத்து 'பி'. எதிர் வீட்டு ஆட்டோக்காரர் மகன் சேகரைக் கூப்பிட்டேன். அவன் என்னைவிட ஒரு வயது பெரியவன், ஆகவே சட்ட நிபுணன்.

"மச்சான், பி போட்டுக்கீற ஊட்டுக்கெல்லாம் பட்டா கீது. பெருக்கல் போட்டதெல்லாம் காலி."

"உங்க வீட்டுக்கு?"

"பி" என்றான், மாளிகையில் குடியிருப்பவன் போல.

"எங்களுக்கு இன்னாடா வழி?"

"அழிச்சிட்டா அவனுக்கு எப்புடி தெரியும்?"

இன்னும் இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டோம். என் பள்ளி டையைக் குழாயடியில் நனைத்து ஒவ்வொரு கதவாகத் துடைத்தோம். வெறும் கதவைப் பார்த்தால் சந்தேகம் வரும் என்றான் சேகர். வகுப்பில் சுட்ட சாக்பீஸ் அவன் பையில் எப்போதும் இருக்கும். பதினோரு வீடுகளுக்கு அரை மணி நேரத்தில் பட்டா வழங்கினோம். மனு இல்லை, முத்திரை இல்லை, யாரும் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு அக்கா வந்தாள். பின் தெருவில் இருந்த பெரியம்மாவின் மகள், கல்லூரியில் கடைசி வருடம். மஞ்சள் தொப்பி, தோளில் நீல நிற ஐஸ் பெட்டி, பின்னால் பிளஸ் டூ படிக்கிற இரண்டு பேர். போலியோ சொட்டு மருந்துக்கு எங்கள் பக்கம் ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, தானே போய்ப் பெயர் கொடுத்தவள். முந்தின நாள் வீடு வீடாக வந்ததும் அவர்கள்தான். முடிந்த வீட்டுக்குப் பி, பூட்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி. குறி போட்ட வீடுகளுக்கு மறுபடி வந்து மருந்து கொடுக்க வேண்டும்.

இப்போது தெரு முழுக்கப் பி. அவள் நோட்டில் "பூட்டு - 11" என்று மட்டும் இருந்தது. எங்கள் தெருவில் கதவு எண் கிடையாது.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். "இனிமே யாரும் இடிக்க மாட்டாங்கக்கா."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எந்தெந்த வீடுன்னு ஞாபகம் இருக்காடா?"

நால்வரும் விரல் நீட்டி எண்ணினோம். பத்தொன்பது வந்தது.

கூட வந்த உயரமான பையன் பதறினான். "அக்கா, ஒம்போதே முக்கால் ட்ரெயின். இன்னிக்கு உனக்குப் ப்ராக்டிகல். நீ கெளம்பு, நாங்க பாத்துக்கறோம்."

"நேத்து மூணு வீட்ல நான் பேசினப்புறம்தான் புள்ளையையே காட்டினாங்க. உன்னை உள்ளே விடுவாங்களா? ஒண்ணு விட்டுப்போனாலும் நேத்து அலைஞ்சது வீண்" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். "அழிச்ச தொரைங்க முன்னாடி போங்க. எல்லா வீட்டையும் தட்டுங்க."

அன்றைக்கு நாங்கள் பள்ளிக்குப் போகவில்லை. தண்டனை என்றதும் நான்கு அம்மாக்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். எனக்கோ அது தண்டனையாகவே தெரியவில்லை, பதவி உயர்வு! கதவைத் தட்டி, "சொட்டு மருந்து! சுண்டு விரலைக் காட்டுங்க!" என்று கத்தினேன். மருந்து குடித்த குழந்தைக்கு இடது சுண்டு விரலில் மை இருக்கும். ஒரு பெரியவர் தன் விரலை நீட்டி, "எலெக்‌ஷனாப்பா?" என்றார். ஒரு கைக்குழந்தை விரலைச் சப்பிச் சப்பி மையையே காலி செய்திருந்தது. அதன் அம்மா, "நேத்தே குடுத்தாச்சு, நீங்க இன்னா திரும்பத் திரும்ப வர்றீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, இன்னொரு தரம் கொடுத்தால் கெடுதல் இல்லை என்று கால் மணி நேரம் பேசினாள். என் தங்கை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். இழுக்கப் போன என் கையைக் கடித்தாள். வலியில் வாயைத் திறந்தது நான். "உனக்கு வயசு தாண்டிடுச்சுடா, மூடு" என்றாள் அக்கா.

நடுநடுவே அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். புதுக் கடிகாரம் போல, பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஒரு ரயில் தடதடத்துப் போனபோது தெருவின் நடுவில் நின்றுவிட்டாள். சத்தம் அடங்கியதும் அடுத்த கதவைத் தட்டினாள்.

கடைசி வீடு முடிந்தபோது மணி ஒன்றரை. குழாயடியில் முகம் கழுவினாள். நிறைய நேரம் கழுவினாள். வெயில் அப்படி.

"நாளைக்கும் வரட்டாக்கா?"

"வேணாண்டா சாமி" என்று சிரித்தாள்.

பிறகு சில மாதம் பெரியம்மா வீட்டுப் பக்கம் போனால் ஒரே திட்டாக இருக்கும். ஊர் வேலை பார்த்தே பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாள் என்று பெரியப்பா சொல்வார். அக்கா எனக்கு முறுக்கு எடுத்துத் தருவாள். நான் தின்றுகொண்டே, படிக்காத பிள்ளைக்குத் திட்டு விழத்தானே செய்யும் என்று நினைப்பேன்.

அந்தப் ப்ராக்டிகல் காலை பத்தரைக்குத் தொடங்கியது. அவள் போகவில்லை. அடுத்த வருடம் தன்னைவிடச் சின்னவர்களோடு நின்று அதை முடித்தாள். கதவுகளை அழித்தது யார் என்று வீட்டில் அவள் சொல்லவே இல்லை.